ஏரிக்குப் பாடு உண்டு, ஏணைக்கு இல்லை

சில மாதங்களுக்கு முன் நண்பர்கள் கூடிய ஒரு மாலையில் தாலாட்டைப் பற்றி ஒருவர் கட்டுரை வாசித்தார். நல்ல கட்டுரைதான். பெரியாழ்வார் கண்ணனுக்கும் குலசேகராழ்வார் இராமனுக்கும் பாடியதில் தொடங்கி, நா. வானமாமலை தொகுத்த நாட்டுப்பாடல்கள் வழியாக, மாமன் சீர் வரிசையில் ஒளிந்திருக்கும் சொத்துரிமை ஏக்கம் வரை வந்து நின்றது. அவர் முடித்ததும் நான் ஒரு கேள்வி கேட்டேன். தாலாட்டியும் தூங்காத குழந்தையை என்ன செய்வது? அறையில் சிரிப்பு எழுந்தது. 'அதற்கு நீங்கள் மகளிர் பத்திரிகையைப் பார்க்க வேண்டும். கூடவே, சின்ன வீட்டை அலங்கரிப்பது எப்படி என்றும் போட்டிருப்பார்கள்' என்றார் மதிப்புக்குரிய மூத்த நண்பர் ஒருவர். மீண்டும் சிரிப்பு.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கான மறுமொழி. சற்றுத் தாமதமான மறுமொழிதான். ஆனால் சிரித்தவர்களுள் நானும் ஒருவன் என்பதால், எனக்கே மறுமொழி சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் அவகாசம் தேவைப்பட்டது.

பச்சிளங்குழந்தையின் அடங்காத அழுகை, அது அழுகிற வீட்டின் அளவு, அதன் சுவர், கூரை, அலங்காரம் ஆகியவை இலக்கியத்துக்கு வெளியே கிடக்கும் சில்லறை விஷயங்கள் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்த எண்ணம் தவறானது. அத்துடன் நமக்கு வசதியானது. ஆண்களாகிய நமக்கு வசதியானது என்று இன்னும் துல்லியமாகச் சொல்லலாம்.

1

என் மனைவியின் ஊர் சுண்ணாம்புக்குளம். கும்மிடிப்பூண்டியைத் தாண்டி, ஆந்திர எல்லையை ஒட்டி, பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர்க் காயல் இந்த ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் புழங்கும் பகுதி. இறால், நண்டு, மடவை என்று ஏரி தருவதை வைத்துத்தான் பிழைப்பு. மார்கழி தை மாதங்களில் பூநாரைகளைப் படமெடுக்கச் சென்னையிலிருந்து கார்கள் வரும். கார்களில் வருபவர்கள் பறவைகளின் கூடுகளைப் பற்றி விசாரிப்பார்கள். மனிதர்களின் கூடுகளைப் பற்றி விசாரித்தவர்களை நான் பார்த்ததில்லை.

எங்கள் முதல் குழந்தை அங்கேதான் தாய்வீட்டில் வளரத் தொடங்கினாள். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற வழக்கத்தின்படி, மனைவி அங்கே; நான் வார இறுதிகளில் செல்லும் விருந்தாளி. வீடு ஒற்றை அறையும் சிறு சமையலிடமும் கொண்ட கான்கிரீட் வீடு. அந்த அறையில் மாமனார், அத்தை, மைத்துனன், மனைவி, குழந்தை, ஒரு தொலைக்காட்சி, அதைத் தாங்கும் கண்ணாடி வைத்த காட்சி அலமாரி, மூலையில் சுருட்டிய வலைகள், நான் வந்தால் நான். மைத்துனன் அக்காள் வருகிறாள் என்பதற்காகச் சுவருக்குப் புதிய பெயிண்ட் அடித்து, பிளாஸ்டிக் பூத்தோரணம் தொங்கவிட்டு, ஒரு பெரிய வெள்ளைக்காரக் குழந்தை சிரிக்கும் படத்தையும் ஒட்டியிருந்தான். அன்பால் செய்ததுதான். அதை நான் பரிகசிக்கப் போவதில்லை.

மூன்றாம் வாரத்தில் அழுகை தொடங்கியது. பொழுது சாயும் நேரத்தில் குழந்தை காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முஷ்டியை இறுக்கி, முகம் சிவந்து வீறிடுவாள். பால் கொடுத்தால் இரண்டு வாய் குடித்துத் தலையைத் திருப்பிக்கொள்வாள். ஆறு மணிக்குத் தொடங்கினால் ஒன்பது, பத்து ஆகிவிடும். மற்ற நேரங்களில் நன்றாகப் பால் குடித்தாள், எடை கூடினாள், விழித்துப் பார்த்தாள். அந்தி வந்தால் மட்டும் அந்த வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டதுபோல் ஆகிவிடும். விடியுமுன் படகேற வேண்டிய மாமனாருக்கு உறக்கமில்லை. அடுத்த வீட்டுச் சுவருக்கும் எங்கள் சுவருக்கும் இடையில் ஒரு ஆள் நுழையும் இடைவெளிதான், அங்கேயும் உறக்கமில்லை. 'தாய்ப்பால் பத்தலையோ?' என்று ஒருவர் கேட்டார். அந்த ஒரு கேள்வி என் மனைவியை உடைத்ததுபோல் பிரசவ வலி உடைத்திருக்காது.

அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்து, கைபேசி வெளிச்சத்தில் பிள்ளைத்தமிழைப் பற்றி ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு பிள்ளை தமிழுக்கு முந்தைய மொழியில் அலறிக்கொண்டிருந்தது. இந்த முரண் எனக்கு அன்று உறைக்கவே இல்லை.

2

இந்த அழுகையைப் பற்றி மருத்துவம் என்ன அறிந்திருக்கிறது? 1954-இல் அமெரிக்க மருத்துவர் மாரிஸ் வெசலும் உடன்பணியாற்றியவர்களும் ஓர் அளவுகோலைத் தந்தார்கள். ஆரோக்கியமாக உள்ள குழந்தை நாளில் மூன்று மணிநேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல், மூன்று வாரங்களுக்கு மேல் காரணம் தெரியாமல் அழுதால் அது 'கோலிக்'. 1962-இல் பிரேசல்டன், தாய்மார்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகளைக் கொண்டு, எல்லாக் குழந்தைகளின் அழுகையும் ஆறாம் வாரம் வாக்கில் உச்சம் தொட்டு, பின் இறங்குவதைக் காட்டினார். மூன்று, நான்கு மாதங்களில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடுகிறது. காரணம் இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. வாயு என்கிறோம், செரிமானம் என்கிறோம். காற்றை வெளியேற்றுவதாகச் சொல்லப்படும் சிமெத்திகோன் சொட்டுமருந்து, ஆய்வுகளில் வெற்றுமருந்தைவிட மேலானதாகத் தேறவில்லை.

காரணம் தெரியாத இடத்தில் எப்போதும் இரண்டு கடைகள் திறக்கப்படும். ஒன்று மரபின் கடை, மற்றொன்று சந்தையின் கடை. நம் இலக்கியவாதிகள் முதல் கடையின் மீது மாறாக் காதல் கொண்டவர்கள். பாட்டி வைத்தியம் என்றால் கண் கலங்குவார்கள். எனவே அதை முதலில் பார்ப்போம்.

எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு மூதாட்டி, 'உரம் விழுந்திருக்குது' என்றார். குழந்தையைப் புடவையில் போட்டு உருட்டி உரம் எடுக்க வேண்டுமாம். இன்னொருவர் தொக்கம் எடுக்கச் சொன்னார். மூன்றாமவர் வசம்பைச் சுட்டு உரைத்துத் தாய்ப்பாலில் குழைத்து நாவில் தடவச் சொன்னார். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே ஒரு பெயர் உண்டு. இரவில் அதன் பெயரைச் சொல்லக் கூடாதென்று 'பேர் சொல்லா மருந்து' என்றும் சொல்வார்கள். இத்தகைய பெயர்களில் ஒரு கவிதை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வேரில் உள்ள அசரோன் என்ற பொருள் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியது என்பதால், அமெரிக்கா 1968-இலேயே அதை உணவில் சேர்க்கத் தடைவிதித்தது. பச்சிளங்குழந்தைக்கு ஆறு மாதம்வரை தாய்ப்பாலன்றி எதுவும் வேண்டாம் என்பது 2001 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கழுத்து நிற்காத குழந்தையைப் புடவையில் உருட்டுவதைப் பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கவிதை நாவுக்கு இனிக்கலாம். ஐந்து வாரக் குழந்தையின் நாவில் அதைத் தடவிப் பார்க்க நமக்கு உரிமையில்லை.

சந்தையின் கடை இதைவிட யோக்கியமானது என்று யாரும் எண்ண வேண்டாம். 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்டு என்ற மருந்தாளுநர் கிரைப் வாட்டரை உருவாக்கினார். சதுப்புநிலக் காய்ச்சலுக்குக் கொடுத்துவந்த ஒரு மருந்து குழந்தைகளையும் அமைதிப்படுத்துவதைக் கண்டு அதைத் தழுவிச் செய்ததாம். பழைய கலவையில் சோயாக் கீரை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு ஆல்கஹாலும் இருந்தது. பல தலைமுறைக் குழந்தைகள் ஏன் அமைதியாயின என்பதற்கு அதைவிட விளக்கம் வேண்டுமா? பிரிட்டனில் 1992-இல்தான் ஆல்கஹால் நீக்கப்பட்டது. நம் ஊரிலோ, பாட்டிக்கு அவள் அம்மா கொடுத்தது, அம்மாவுக்குப் பாட்டி கொடுத்தது என்று தலைமுறைகளை அடுக்கிய விளம்பரத்தின் வழியாக, ஆங்கிலேயப் புட்டியொன்று தமிழ்ப் பாட்டியின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மரபும் சந்தையும் எதிரிகள் என்பவர்கள் அந்த விளம்பரத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

அப்படியானால் பயன்படுவதுதான் எது? பயன்படுவன எல்லாம் சலிப்பூட்டும் எளிமை கொண்டவை. குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விடச் செய்வது. முன்கையின் மீது குப்புறக் கிடத்தி வயிறு அழுந்தும்படி ஏந்துவது. ஒளியையும் சத்தத்தையும் குறைப்பது. ஒரே தாளத்தில் ஓசை எழுப்புவது. தூக்கிக்கொண்டு நடப்பது. 1986-இல் ஹன்சிகரும் பாரும், நாள்தோறும் கூடுதல் நேரம் தூக்கிவைத்திருந்த சாதாரணக் குழந்தைகள் ஆறாம் வாரத்தில் 43 சதவீதம் குறைவாக அழுததைக் கண்டார்கள். ஆனால் ஏற்கெனவே கோலிக் உள்ள குழந்தைகளில் பின்னர் சோதித்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. 2022-இல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வகத்தார், அழும் குழந்தையைத் தூக்கி ஐந்து நிமிடம் நடந்து, தூங்கியபின் ஐந்திலிருந்து எட்டு நிமிடம் மடியில் வைத்திருந்து, பிறகு கிடத்தினால் விழித்துக்கொள்வது குறைகிறது என்றார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் அதைச் செய்துபார்க்கப் பணம் வேண்டாம்.

பணம் வேண்டாம்; ஆள் வேண்டும். எல்லாச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. இந்த வழிகளில் எதுவும் அழுகையை ஒரேயடியாக நிறுத்துவதில்லை. அழுகை அடங்கும் காலம்வரை அதைத் தாங்குகிற தோள்கள் வேண்டும். ஒரு தோள் போதாது. விடாத அழுகையில் பொறுமை இழந்து குழந்தையைக் குலுக்கிவிடுவது மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கும், உயிரையே பறிக்கும். பொறுமை எல்லை கடந்தால் குழந்தையைப் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகி நில்லுங்கள் என்று மருத்துவர்கள் சொல்வது அதனால்தான். விலகி நிற்பதற்கு ஓர் இடமும், அதுவரை கைமாற்றிக்கொள்ள ஓர் ஆளும் உள்ள வீட்டுக்கே அந்த அறிவுரை பொருந்தும். காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் இரத்தம், பால் குடிக்க மறுப்பு, துவண்டுபோதல் ஆகியவை இருந்தால் அது வேறு கதை. அங்கே ஆய்வும் வேண்டாம் கட்டுரையும் வேண்டாம், உடனே மருத்துவமனை.

ஒரு சனிக்கிழமை இரவு. உரமா வசம்பா என்று வீட்டில் வாக்குவாதம் முற்றியது. நான் உள்ளே போய், படித்தவனுக்குரிய மிடுக்கோடு, எந்த மருந்தும் கொடுக்கக் கூடாதென்று அறிவித்தேன். நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த என் அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தார்.

'மருந்து ஒண்ணும் வேணாங்க மாப்ளே. கை மாத்த ஒரு ஆளுதான் வேணும். நீங்க உள்ள வாங்க.'

தாலாட்டைப் பற்றி நான் படித்த எல்லா ஆய்வுகளையும்விட அந்த வாக்கியம் கூர்மையானது. நான் உள்ளே போனேன். ஐந்து வாரங்கள் தாமதமாக.

3

உள்ளே போனபின்தான் வீடு என் கண்ணில் பட்டது. அதுவரை அது எனக்கு ஒரு பின்னணிதான்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு தமிழகக் கடற்கரை நெடுக ஏறத்தாழ 300 சதுர அடி அளவில் கான்கிரீட் வீடுகள் எழுந்தன. 2016-இல் தொடங்கிய பிரதமரின் ஊரக வீட்டுத் திட்டம் குறைந்தது 25 சதுர மீட்டர் என்கிறது. 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி. தீயிலும் புயலிலும் அழிகிற குடிசையிலிருந்து உறுதியான கூரைக்கு வந்தது பெரிய விடுதலை. அதை இழித்துரைக்கும் குடிசைக் காதலர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குடிசையின் அழகைப் பற்றி எழுதுபவர்கள் எவரும் குடிசையில் இருந்துகொண்டு எழுதுவதில்லை.

ஆனால் இந்த வீடுகளின் வரைபடங்களை வரைந்தவர்கள் எவரும் ஒரு குழந்தை அழுவதை நினைத்துப் பார்க்கவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். எப்படித் தெரியும் என்கிறீர்களா? கூரையைப் பாருங்கள். ஓலை வீட்டிலும் ஓட்டு வீட்டிலும் விட்டம் உண்டு. அதில் எங்கே வேண்டுமானாலும் கயிறு போட்டு ஏணை கட்டலாம். கான்கிரீட் கூரையில் தளம் போடும்போதே கொக்கி வைத்தால்தான் உண்டு. எங்கள் வீட்டின் அறையில் இருந்தது ஒரே கொக்கி. அதில் மின்விசிறி சுழன்றது. ஏணை கட்ட வேண்டுமானால் விசிறியை இறக்க வேண்டும். விசிறி வேண்டுமானால் ஏணை இல்லை. ஒரு தாய் ஆட்டத்துக்கும் காற்றுக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை யார் தீர்மானித்தார்கள்? யாரும் தீர்மானிக்கவில்லை. நினைக்காமல் விட்டதன் விளைவு அது. கூடுதலாக ஓர் இரும்புக் கம்பியை வளைத்து வைக்க என்ன செலவாகிவிடும்?

அடுத்தது வெப்பம். கான்கிரீட் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, பொழுது சாய்ந்தபின் அதை அறைக்குள் கக்குகிறது. கோலிக் குழந்தை அழுவதும் அந்த நேரம்தான். அந்த அழுகைக்கு வெப்பம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அழுகிற பிள்ளையை மார்போடு அணைத்து மூன்று மணிநேரம் நடக்க வேண்டியவளுக்கு, அந்த அறை அந்த நேரத்தில்தான் அடுப்பாகிறது என்பதைச் சொல்கிறேன்.

இங்கே எனக்கு ஊரின் பெயர் நினைவுக்கு வந்தது. சுண்ணாம்புக்குளம். பழவேற்காடு ஏரியின் அடியில் நெடுங்காலமாகப் படிந்த கிளிஞ்சல்களைத் தோண்டி எடுத்துச் சுண்ணாம்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பை இழைத்துப் பளிங்குபோல் பூசிய சென்னைச் சுவர்கள் அந்நாளைய ஐரோப்பியப் பயணிகளை வியக்கவைத்தவை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மெல்ல இறுகுகிறது. சுவரின் ஈரத்தை வெளியே விடுகிறது. அதன் காரத்தன்மை பூஞ்சையை அண்டவிடுவதில்லை. மொட்டைமாடியில் வெள்ளையாக அடித்தால் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது. அப்படிப்பட்ட பொருளைப் பெயரிலேயே வைத்திருக்கும் ஊரில், நெடி அடங்காத பெயிண்ட் பூசிய சுவருக்குள் குழந்தையைக் கிடத்தியிருந்தோம். பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2016-இல் இயற்றப்பட்டு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நாம் தீட்டிய 'குழந்தை அறை' வண்ணங்களை நினைத்தால் நடுக்கமாக இருக்கிறது.

ஞாயிறு இணைப்பிதழ்கள் சிறிய வீட்டை அழகாக்க என்ன சொல்கின்றன? சுவர்த்தாள் ஒட்டுங்கள், பொய்க்கூரை போடுங்கள், கண்ணாடி வையுங்கள்; வீடு பெரிதாகத் தெரியும். 'தெரியும்' என்ற சொல்லில்தான் என் சண்டை. யாருக்குத் தெரிய வேண்டும்? வந்து போகிறவனுக்கு. இருக்கிறவளுக்கு வீடு பெரிதாகத் தெரிந்து பயனில்லை, பெரிதாக இருக்க வேண்டும். அலங்காரம் என்பது பொருளைச் சேர்ப்பது என்று நமக்குக் கற்பித்துவிட்டார்கள். 300 சதுர அடி வீட்டில் அலங்காரம் என்பது பொருளை நீக்குவதுதான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பத்தடி தடையின்றி நடக்க இடம் இருந்தால், அந்த வீடு அலங்கரிக்கப்பட்ட வீடு.

நாங்கள் செய்தது இதுதான். காட்சி அலமாரியை மாமன் வீட்டுக்கு அனுப்பினோம். வலைகள் வெளிச்சாய்ப்புக்குப் போயின. மாடியில் இரண்டு கை சுண்ணாம்பு அடித்தோம். தூசியும் காரமும் குழந்தைக்கு ஆகாதென்று அன்றைக்கு அவளையும் தாயையும் பெரியம்மா வீட்டில் இருத்தினோம். வாசல் சாய்ப்பின் சவுக்குக் கட்டையில் அத்தையின் பழைய நூல்புடவையைத் தாழக் கட்டினோம். பழவேற்காட்டின் கட்டம்போட்ட துணிகள் டச்சுக்காரர்களின் கப்பலேறித் தென்கிழக்காசியச் சந்தைகளுக்குப் போன காலம் ஒன்று உண்டு. 1613-இல் அவர்கள் இங்கே கட்டிய கெல்திரியா கோட்டையே அந்த வணிகத்தைக் காக்கத்தான். அந்த வரலாற்றைவிட, நூறு முறை துவைத்து மெத்தென்றாகிவிட்ட அந்தப் புடவை எனக்கு அப்போது பெரிதாகத் தெரிந்தது. ஏணையையும் நான் புனிதப்படுத்தவில்லை. அது கண்காணிப்போடு ஆட்டுவதற்கு. உறங்கியபின் தட்டையான தரைப்பாயில் மல்லாந்து கிடத்துவதே பத்திரம். ஏணைத் துணி கழுத்தை இறுக்கிக் குழந்தைகள் இறந்த செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம்.

அழுகை நின்றதா? இல்லை. பன்னிரண்டாம் வாரம்வரை தொடர்ந்து, பின் தானாகத் தேய்ந்தது. ஆனால் அந்த வீட்டில் யாரும் யாரையும் பால் பற்றாதவள் என்று சொல்லவில்லை. அழுகை ஒரு பெண்ணின் குற்றமாக இருந்த நிலை மாறி, ஐந்து பேரின் வேலையாக ஆயிற்று. நான் கண்ட ஒரே மருந்து அதுதான்.

4

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். மூத்த நண்பர் பொறுத்தருள்க.

பிள்ளைத்தமிழ் என்னும் தனிச்சிறப்பான வகையை உலகுக்கு அளித்தவர்கள் நாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழனைக் குழந்தையாக்கிப் பாடியதிலிருந்து இன்றுவரை அதற்குக் குறைவில்லை. பாட்டியல் நூல்கள் அதற்குக் காலக்கணக்கு வகுத்திருக்கின்றன. மூன்றாம் திங்களில் தொடங்கி இருபத்தோராம் திங்கள் வரை. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம் என்று பருவங்கள் நகரும்.

மூன்றாம் திங்களில் தொடங்கி! நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். கோலிக் அழுகை அடங்குவது எப்போது? மூன்றாம் மாதத்தில். அதாவது, வீடு அமைதியானபின், குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியபின், புலவர் பெருமக்கள் ஏட்டோடு உள்ளே நுழைகிறார்கள். அதற்கு முந்தைய தொண்ணூறு இரவுகள் யாருடைய கணக்கிலும் இல்லை. பாட்டியல் ஆசிரியர்கள் வேண்டுமென்றே இதைச் செய்தார்கள் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. அந்தத் தொண்ணூறு இரவுகளில் அவர்கள் எங்கே இருந்தார்களோ, அங்கேதான் நானும் இருந்தேன். வாசல் கட்டிலில். மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்த வள்ளுவரும் பேசியது மழலையைப் பற்றித்தான், அழுகையைப் பற்றியல்ல.

தாலாட்டோ வேறு வகை. அது உள்ளே இருந்தவளின் குரல். அதனால்தான் அதில் கண்ணேறும் வசையும் அலுப்பும் கலந்திருக்கின்றன. யார் அடித்தார் என்று குழந்தையைக் கேட்கும் அந்தப் பழகிய கேள்வியில், தன்னை யார் அடித்தார் என்ற கேள்வி ஒளிந்திருப்பதாக ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். எழுதட்டும். ஆனால் பாடியவளின் கை எத்தனை மணிநேரம் கயிற்றை இழுத்தது, இடையில் யாராவது அதை வாங்கிக்கொண்டார்களா என்று எந்த ஆய்வாவது கேட்டிருக்கிறதா? பாட்டை எடுத்துக்கொண்டு கையை விட்டுவிட்டோம். பெண்ணின் குரலைப் பதிவு செய்தோம் என்று பெருமைப்படுகிறோம். குரலைப் பதிவு செய்ய ஒலிப்பதிவுக் கருவியோடு நின்றவன் அந்த நேரத்தில் பிள்ளையைக் கொஞ்சம் வாங்கியிருக்கலாம்.

5

மறுப்புகள் வரும். ஏரி முகத்துவாரம் மண்மூடித் தூர்ந்துபோகிறது, காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து மீனவர்கள் போராடியிருக்கிறார்கள், இறால் வரத்து குறைகிறது. இந்த நிலையில் ஏணைக் கொக்கியும் சுவர் வெள்ளையடிப்பும் ஒரு பிரச்சினையா என்று தோழர் ஒருவர் கேட்பார். தோழரே, முகத்துவாரம் தூர்ந்தால் அந்த இழப்பு எங்கே போய்ச் சேர்கிறது? அந்த 300 சதுர அடிக்குள்தான். பிடிப்பு இல்லாத நாளின் எரிச்சல் அழுகிற குழந்தையின் மீதும் அதன் தாயின் மீதும்தான் இறங்குகிறது. பெரிய பிரச்சினையையும் சிறிய பிரச்சினையையும் இணைக்கிற இடம் வீடு. அதைத் தாண்டிக் குதித்து அரசியல் பேசுவது, வாசலில் உட்கார்ந்து பிள்ளைத்தமிழ் படிப்பதற்குச் சமம்.

இன்னொரு மறுப்பு: அது அவர்கள் பண்பாடு, வெளியாளாகிய நீ தலையிடலாமா? நான் அந்தப் பண்பாட்டிலிருந்தே விடை சொல்கிறேன்.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் மீன் நன்றாகப் படும் இடங்களைக் குறிப்பிட்ட ஊர்க்காரர்கள் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்று உனக்கு அந்த இடம், நாளை எனக்கு. யாரும் நல்ல இடத்தை எப்போதும் வைத்துக்கொள்ள முடியாது. யாரும் மோசமான இடத்தில் எப்போதும் கிடக்கவும் வேண்டாம். பொதுச் சொத்தைப் பகிர்வதற்கு எளியவர்கள் கண்ட வழி என்று உலக ஆய்வாளர்கள் அதை மெச்சுகிறார்கள். அதில் இடம்பெறாத சமூகங்களுக்கு அதன்மீது மனக்குறை உண்டு, அது நியாயமானதே. எனினும் அதன் அடிப்படை அறம் பெரிது. சுமையும் பேறும் கைமாற வேண்டும்.

அந்த அறத்தில் பெண்ணுக்குச் சீட்டு இல்லை. ஏரிக்குப் பாடு வைத்தவர்கள் ஏணைக்குப் பாடு வைக்கவில்லை. தமிழில் 'பாடு' என்றால் முறை. 'பாடு' என்றால் துன்பம். 'பாடு' என்றால் பாட்டுப் பாடச் சொல்லும் ஏவல். முதல் பொருளை ஆண்கள் வைத்துக்கொண்டு, பின்னிரண்டையும் பெண்களிடம் கொடுத்துவிட்டோம். சுண்ணாம்புக்குளத்தில் மட்டுமல்ல, மயிலாப்பூரிலும் டொராண்டோவிலும், இலக்கியம் பேசுகிற எல்லா வீடுகளிலும்.

ஆகவே வீடு கட்டித் தருகிறவர்களிடம் நான் கேட்பது ஒரு கொக்கி. கூரையில் விசிறிக்கு ஒன்று, ஏணைக்கு ஒன்று. வீட்டை அலங்கரிக்கச் சொல்கிறவர்களிடம் கேட்பது, நடக்கப் பத்தடி வெற்றிடம். மூத்த நண்பரிடமும் என்னிடமும் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த முறை உள்ளே குழந்தை வீறிட்டால், கையிலிருக்கும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்திருப்போம். பிள்ளைத்தமிழ் எண்ணூறு ஆண்டுகளாக இருக்கிறது. இன்னும் மூன்று மணிநேரம் காத்திருக்கும்.